ஞாயிற்றுக்கிழமை மாறாத முகவரி

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு பக்கெட்கூட இடம் மாறாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் தையல் மெஷின் வாசலைப் பார்த்துக் கிடக்கிறது, எதிரே கிரேசி இல்லம். கண் வேறு எங்கே போகும்? வடக்குப்பட்டில் பெண்கள் விடுதி என்று போர்டு மாட்டியவர்கள் நிறையப் பேர். அதில் கம்பெனியின் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். ஒன்பது அறை, அறுபத்தொரு பெண்கள். அத்தனை பேரும் ஒரே கம்பெனிக்குப் போகிறவர்கள். காருக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கோத்துக் கட்டுகிற வேலை. அவர்களுடைய யூனிஃபார்ம் கோட்டை இடுப்பில் பிடிப்பதும் தோளில் இறக்குவதும் நான்தான். அளவு எடுக்கும்போது யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. ஆகவே எனக்கு விஷயங்கள் தெரிந்திருப்பதில் என் தப்பு ஒன்றும் கிடையாது.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் வாராவாரம் மாறும். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும். வெயில் எட்டாத பின்பக்கத்து மூன்று அறைகள் அவர்களுக்கு. காலை ஷிஃப்ட்காரிகளுக்கு கம்பெனி பஸ் நிற்கிற வாசல் பக்கம். மற்றவர்களுக்கு மாடி. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கிரேசி சாவிக்கொத்தை ஆட்டியதும், அறுபத்தொரு பேரும் தலையணை, பக்கெட், சூட்கேஸ் சகிதம் அறை மாறுவார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கல்யாண மண்டபம் காலி செய்கிற மாதிரி இருக்கும். கட்டில் அசையாது. ஆள்தான் அசையும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபிரடி வைத்துக்கொள்ளவில்லை.

ஃபிரடி, கிரேசியின் அக்கா மகன். மறைமலை நகரில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸ். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றுவானா என்பது, எனக்கே தெரியாத சில விஷயங்களில் ஒன்று.

இந்த வருஷத் தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து கிரேசிக்கு ஒரு கடிதம் வந்தது. பட்டியலில் உள்ள விடுதிகள், தங்கள் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வைக்க வேண்டும். பெயர், ரத்த வகை, எந்த அறை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. அந்தப் பக்கத்தின் லிங்க்கைக் கம்பெனி தன் பட்டியலில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலை நடக்கிற லைனில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கம்பெனி நர்ஸ் அந்த லிங்க்கைத் தொட்டால் போதும். நல்ல ஏற்பாடுதான். கிரேசி அதைக் கொண்டுபோய் ஃபிரடியின் கையில் கொடுத்தாள்.

அவன் ஒரு சனிக்கிழமை வந்தான். பெண்கள் பாதிப் பேர் வேலையில், மீதிப் பேர் தூக்கத்தில். ஒவ்வொரு அறையாகப் போய்க் கட்டில்களை எண்ணினான். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான்.

"இன்னாடா, அவ்ளோதானா?" என்றாள் கிரேசி.

"அவ்ளோதான் சித்தி. அறை ஏழு, கட்டில் மூணு. லிங்க்கப் படிச்சாலே எங்க போறோம்னு தெரியும். சிம்பிளா கீது பாரு."

அது உண்மைதான். அறை, ஒரு கோடு, ஏழு, இன்னொரு கோடு, கட்டில், மூன்று. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டுமாம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை ஏழாம் அறை மூன்றாம் கட்டிலில் இருந்தவள் நாங்குநேரிப் பக்கத்து வேல்விழி. ஆகவே வேல்விழியின் லிங்க் அதுவே என்று கம்பெனிக்குப் போயிற்று. அறுபத்தொரு லிங்க்கும் இல்லத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்து விழுந்தன. கோட் தயார் என்று சொல்வதற்காக என்னையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வந்த தபாலைப் பிரிக்காமல் வைப்பது மரியாதையா? வேல்விழியின் பக்கத்தில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் 'இசக்கிதுரை, மாமா' என்று இருந்தது. எந்த மாதிரி மாமா? கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். ஃபிரடியின் ஏற்பாட்டில் பார்க்கிற பக்கமும் எழுதுகிற பக்கமும் ஒன்றே. வைத்த விரலுக்கு மாமாவின் நம்பரில் கடைசி இலக்கம் காணாமல் போயிற்று. பதறிப்போய் மூடிவிட்டேன். தானாகவே சேமித்துக்கொள்ளும் என்று ஃபிரடி பெருமையாகச் சொன்னதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லையே.

இரண்டு ஞாயிறு போயிற்று. கிரேசி கடமை தவறாதவள். யார் எந்தக் கட்டிலுக்குப் போனார்கள் என்று இரண்டு வாரமும் ஒழுங்காக மாற்றி எழுதினாள். அதற்கு அடுத்த செவ்வாய், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த வேல்விழி லைனில் மயங்கி விழுந்தாள். நர்ஸ் பட்டியலில் வேல்விழியைக் கண்டுபிடித்து லிங்க்கைத் தொட்டாள். அறை ஏழு, கட்டில் மூன்று திறந்தது. அந்த வாரம் அந்தக் கட்டில் விளாத்திகுளத்துப் பூஜாவுடையது. பக்கத்தின் தலையில் ஃபிரடி ஆசையாக வைத்த, தொட்டதும் வீட்டுக்குப் போன் போகிற பெரிய பச்சைப் பட்டன். பெயரோ அதற்குக் கீழே எறும்பு மாதிரி. அவசரத்தில் நர்ஸ் பட்டனைத்தான் பார்த்தாள். விளாத்திகுளத்தில் பூஜாவின் அப்பா பிச்சையா போனை எடுத்தார். உங்கள் மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்ற செய்தி அவருக்குப் போயிற்று.

அவர் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். கம்பெனிக்குள் போன் லாக்கரில் கிடக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்தவள் சார்ஜ் இல்லாத போனைச் சொருகிவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கிளாம்பாக்கத்தில் இறங்கி, மூன்று பஸ் மாறி, கையில் ஒரு மஞ்சள் பையோடு மனிதர் எங்கள் தெருவில் நிற்கிறார். பூஜா வாசல் குழாயில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யப்பா? என்னப்பா, சொல்லாம கொள்ளாம?"

அவர் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "மயக்கம் தெளிஞ்சிருச்சா?"

"எனக்கு எதுக்குப்பா மயக்கம்?"

"அப்ப இனிமே எனக்குத்தான்" என்று சொல்லி என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

காப்பி கொடுத்தேன். குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நம்பரை என் நோட்டில் எழுதி வைத்தார். "அடுத்த வாட்டி நீங்க கூப்பிடுங்க தாயி. அந்தப் பச்சைப் பட்டன நம்ப மாட்டேன்."

வியாழக்கிழமை கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் வனமாமலை வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர்; ஒன்று எழுத, ஒன்று நீட்டிப் பேச. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், இந்தத் தடவ ஒருத்தருக்கு வீண் அலைச்சல். அடுத்த தடவ நெஜமாவே ஆபத்துன்னா நாங்க யாரக் கூப்பிடுறது? அடுத்த திங்கக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வர்றேன். என் கையில இருக்க ஒவ்வொரு லிங்க்கும் சரியான பொண்ணத்தான் காட்டணும். இல்லன்னா இல்லத்த லிஸ்ட்ல இருந்து எடுக்கிறதத் தவிர வழியில்ல. பொண்ணுங்க மறைமலை நகர் பக்கத்து டார்மிட்டரிக்குப் போயிடுவாங்க."

கிரேசி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கணவர் போன பிறகு அவள் எழுப்பியது இந்த இல்லம். அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு பேச்சும் இல்லை. ஒன்பது காலி அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அப்படியே, கோட் பிடிக்க என்னிடம் யார் வருவார்கள் என்றும் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது.

அன்று மாலை ஃபிரடி தீர்வோடு வந்தான். இல்ல வாசலில், வேலைக்குப் போகாமல் இருந்தவர்களையெல்லாம் கூட்டிச் சொன்னான்.

"சிம்பிள் சித்தி. இனிமே யாரும் ரூம் மாறக் கூடாது. எந்தக் கட்டிலோ அதே கட்டில். லிங்க் தானா கரெக்டா பூடும்."

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து வெயில்ல படுத்துத் தூங்கவா?" என்றாள் வேல்விழி. மயக்கம் தெளிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குரல் அதற்கு முன்பே தெளிந்துவிட்டது.

"ஸ்கிரீன் கட்டிக்கோ."

"உங்க லிங்க்குக்கு நீங்க ஸ்கிரீன் கட்டுங்க."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, ஆளுகள மாத்த வேண்டாம். லிங்க்க மாத்துனாப் போதும்."

மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கம். அளவு எடுக்கும்போதுகூட வாய் திறக்காத ஒரே பெண். அதனால் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனாலேயே எனக்கு அவள் மேல் ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்சி. முடித்தவளாம். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எவ்வளவு பெரிய குறை பாருங்கள்.

ஃபிரடி அடையாள அட்டையை நேராக்கினான். "நீ எந்த ஆபீஸ்ல ஒர்க் பண்றே?"

"ஆபீஸ் இல்லண்ணே. ஆறாவது லைன்."

"லைன்ல வயர் கோக்குறது வேற, வெப்சைட் வேறம்மா."

"வேற இல்லண்ணே. வயர் கோக்குத எங்க போர்டுல நூத்துக்கணக்குல கிளிப் இருக்கு. ஒரு வயர் எந்தக் கிளிப் வழியா வேணும்னாலும் போவும். அதுக்காகக் கிளிப்போட நம்பரையா வயருக்கு வைப்பாவ? வயர் மேலயே அதுக்குன்னு ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். கார் மாடல் மாறுனா கிளிப் மாறும், வயர் நம்பர் மாறாது. நீங்க கட்டிலுக்கு நம்பர் போட்டிருக்கீய. கட்டிலுக்கு மயக்கம் வராதுண்ணே. வேல்விழிக்குத்தான் வரும்."

வேல்விழி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். ஃபிரடி அடையாள அட்டையை மறுபடி நேராக்கினான்.

"உன்னால முடியுமாடீ?" என்றாள் கிரேசி.

"ஒரு வாரம் வேணும்க்கா. அப்புறம் ஒரு மேசை."

இல்லத்தில் கட்டில் உண்டு, அலமாரி உண்டு, மேசை கிடையாது. கிரேசி தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். துணி வெட்டுகிற என் பெரிய மேசையைக் கொடுத்தேன். பெரிய மனசு பண்ணி என்று எழுதலாம். உண்மை என்னவென்றால், மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அடுத்த வாரம் அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். ஒரு பக்கக் கீல் உடைந்த, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. துணியில் அளவு குறிக்கிற என் சாக்பீஸை எடுத்து, மேசை முழுக்க எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நான் துணி வெட்டுவதற்கு ஒரு முழம் இடம்தான் மிச்சம். மூன்றாம் நாள் மேசையில் இருந்தது இவ்வளவுதான்:

ஆள்/87
ஆள்/87/திருத்து
அறை/7
தொடர்பு/12

"இதுக்கா ரெண்டு நாளு?" என்றேன்.

"சின்னதா இருந்தாத்தான்க்கா ரெண்டு நாள் ஆவும்."

"யாரு அது, ஆள் எம்பத்தேழு?"

"நாந்தான்."

"அறுபத்தோரு பேருதானே கீறீங்க?"

"முன்ன இருந்துட்டுப் போனவியளையும் சேத்து எண்ணுதேன். போனவிய நம்பர வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். குடுத்தா, அவியளோட பழைய லிங்க்க யாராவது வச்சிருந்தா அது என்னக் காட்டும். மறுபடியும் ஒருத்தர் விளாத்திகுளத்துல இருந்து பஸ் ஏறணும்."

"அப்ப அறை?"

"அறைக்குத் தனி முகவரி. தொறந்தா, இந்த வாரம் அங்கன இருக்க ஏழு பேரோட பேர் வரும். பேரத் தொட்டா ஆளுக்குப் போவும். ஆளோட பக்கத்துல அறை நம்பரத் தொட்டா அறைக்கு வரும். ஞாயித்துக்கெழம மாறுதது அறையோட பட்டியல் மட்டுந்தான். ஆளோட முகவரி அவ வேலைய விட்டுப் போற வரைக்கும் அதே."

"தொடர்பு பன்னெண்டு யாரு?"

"இசக்கிதுரை மாமா. நாங்குநேரியில ஆட்டோ ஓட்டுதாவ. இங்கன நாலு பிள்ளைகளுக்கு அவியதான் மாமா. ஃபிரடி அண்ணன் அவிய நம்பர நாலு எடத்துல எழுதிருக்காவ. ஒரு எடத்துல தப்புன்னா அந்தப் பிள்ளைக்கு மட்டும் போன் போவாது. நான் அவியளுக்குத் தனியா ஒரு பக்கம் வச்சு, நாலு பேரையும் அதுகூடச் சேத்துருவேன். ஒரு எடத்துல மாத்துனா நாலு பேருக்கும் மாறிரும்."

நான்கு பேருக்குப் பொதுவான மாமா. வயது ஐம்பத்தெட்டாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"திருத்துன்னு எதுக்குத் தனியா?"

"பாக்கதுக்கு ஒரு முகவரி, மாத்துததுக்கு ஒண்ணு. பாக்க வந்தவிய கை பட்டு எதுவும் மாறிரக் கூடாதுல்லா." சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேல்விழி பக்கத்துல மாமா நம்பர்ல கடைசி எழுத்தக் காணும்க்கா. யாரோ தொட்டிருக்காவ."

"யார்ரீ அவ, வேலையத்தவ" என்றேன். கத்தரிக்கோலைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை புதிய லிங்க்குகள் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால், மாரிசெல்வி கிரேசியையும் ஃபிரடியையும் என் கடைக்குக் கூப்பிட்டாள். "ஒரு சோதனை பாக்கணும். ஜூலிக்கா, உங்க போனுக்கு என் பக்கத்தோட லிங்க் அனுப்பிருக்கேன். உங்களால என்னென்ன பாக்க முடியுமோ பாருங்க. கூச்சப்பட வேண்டாம்."

என்னிடம் அதைச் சொல்ல வேண்டுமா? தொட்டேன். போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். 'உங்களுக்கு இந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதி இல்லை' என்றது. சரி, எண்பத்தேழை எண்பத்தெட்டு ஆக்கினேன். அதே பதில். எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று நூற்றிருபது வரை போனேன். பிறகு அறை ஒன்று, அறை இரண்டு. பின்னால் திருத்து சேர்த்துப் பார்த்தேன். தொடர்பில் மாமாவை முட்டிப் பார்த்தேன். இருபது நிமிஷம், ஒரு பிளவுஸின் இரண்டு கையும் வைத்திருக்கலாம். ஒரு கதவும் அசையவில்லை.

"ஒண்ணும் தெறக்கலயே" என்றேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

மாரிசெல்வி சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உங்கள நெனச்சுத்தான்க்கா பூட்டே வச்சேன்."

"இவளால முடிலன்னா ஒருத்தராலயும் முடியாது" என்றாள் கிரேசி. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபிரடி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். தட்டினான், திறந்தான், போனான், வந்தான். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தான் என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தான். "பச்சப் பட்டன எடுத்துட்டியா?"

"இருக்குண்ணே. பேருக்குக் கீழ வச்சிருக்கேன்."

"ம். நல்லாத்தான் கீது" என்று எனக்கோ சுவருக்கோ சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது, சாவிக்கொத்து ஆடியது, பக்கெட்டுகள் புறப்பட்டன. அன்றைக்கு வேண்டுமென்றே ஒருத்திகூடப் பழைய கூட்டத்தோடு சேர்ந்து போகக் கூடாது என்று மாரிசெல்வி சொல்லியிருந்தாள். ஒரே அறையில் இருந்தவர்கள் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்தார்கள். கிரேசி தூணில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு அறையின் திருத்துப் பக்கத்தையும் திறந்து பெயர்களைத் தட்டினாள். முன்பெல்லாம் அவளுக்கு ஞாயிறு மதியம் முழுக்கப் போகும். அன்றைக்கு இருபது நிமிஷம்.

திங்கள் காலை பத்தரைக்கு வனமாமலை வந்தார், கையில் டேப்லெட். பிடித்துக் கொடுக்க வேண்டிய கோட் ஒன்று என்னிடம் இருந்ததால் நானும் அங்கே இருக்க வேண்டியதாயிற்று.

முதலில் வேல்விழி. வெள்ளிக்கிழமை கம்பெனி ஒட்டிக்கொண்ட லிங்க், ஆள்/64. தொட்டார். வேல்விழி வந்தாள்: பெயர் மேலே பெரிதாக, அறை இரண்டு, நைட் ஷிஃப்ட். அவர் திரையை நம்புகிறவர் இல்லை. நடந்து போய் இரண்டாம் அறைக் கதவைத் தட்டினார். அரைத் தூக்கத்தில் வேல்விழி தலையை நீட்டினாள்.

"யாருக்கு மயக்கம்?" என்றாள்.

"யாருக்கும் இல்லம்மா. தூங்கு."

பிறகு பூஜா. பிறகு ஒவ்வொன்றாக, வேலைக்குப் போயிருந்தவர்களைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு. கிரேசியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கை புடவைக்குள் ஜெபமாலையை உருட்டியது. மாரிசெல்வி சுவரோரம் நின்று தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. நடுவில் ஒரு பெயரிடம் அவர் நின்றுவிட்டார். கிரேசியின் உதடும் நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அறுபத்தொன்றும் முடிந்தது. அறுபத்தொரு லிங்க், அறுபத்தொரு சரியான பெண்கள்.

அவர் அதோடு விடவில்லை. யாரும் கேட்காத ஒன்றைச் செய்தார். முகவரியில் இருந்த ஆளை அழித்துவிட்டு, தானே 'அறை/5' என்று அடித்தார். ஐந்தாம் அறை திறந்தது. ஏழு பெயர்கள்.

"இப்படி அடிச்சா வரும்னு யாரும்மா எனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நீங்களாத்தான் அடிச்சீங்க" என்றாள் மாரிசெல்வி.

 அவர் அடுத்து, ஆள்/64க்குப் பின்னால் திருத்து சேர்த்து அடித்தார். 'நீங்கள் பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் இல்லத்தில் சொல்லுங்கள்' என்று வந்தது. இரண்டாவது பேனா பையிலிருந்து வெளியே வந்தது.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி" என்று அதை நீட்டினார். கிரேசி மறுபடி புடவைத் தலைப்பைத் தேடினாள். "எல்லாப் பொண்ணுக்கும் தொடர்பு ஊர்ல இருக்கு. அறுநூறு கிலோமீட்டர். கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வர்ற மாதிரி பக்கத்துல ஒருத்தர் வேணும், மேடம் வெளிய போயிருந்தாலும். அறுபத்தொரு பக்கத்துலயும் ஏத்தணும். எப்ப முடியும்?"

"ரெண்டு நாள் ஆகும் சார்" என்றான் ஃபிரடி, பழைய ஞாபகத்தில்.

"இப்பவே முடியும் சார்" என்றாள் மாரிசெல்வி. லேப்டாப்பைத் திறந்து தொடர்பு, ஒரு கோடு, புதிது என்று அடித்தாள். காலிப் பக்கம் வந்தது. "பேரு யாருதுக்கா போடட்டும்?"

எப்போதும் தெருவில் இருக்கிறவர். யார் வந்தாலும் போனாலும் கண்ணில் படுகிறவர். கிரேசி என்னைப் பார்த்தாள். ஃபிரடி பார்த்தான். தூக்கம் கலைந்து வந்து நின்ற வேல்விழியும் பார்த்தாள். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

மாரிசெல்வி என் பெயரை அடித்தாள். நம்பரை அடித்தாள். "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"எதுத்த வூடுன்னு போடு" என்றேன்.

போட்டாள். எல்லா ஆட்களுக்கும் சேர் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். வனமாமலை பூஜாவைத் திறந்தார். பிச்சையாவுக்குக் கீழே நான் இருந்தேன். வேல்விழியைத் திறந்தார், இசக்கிதுரைக்குக் கீழே நான். ஒன்பது அறையிலும் நான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இல்லம் லிஸ்ட்ல இருக்கு மேடம்" என்றார். "இத யாரு செஞ்சது?"

ஃபிரடி வாயைத் திறந்தான். என் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தேவைப்படவில்லை.

"அவதான் சார்" என்றான். "முழுசா அவதான்."

"எந்த லைன்?"

"ஆறு, சார்."

"இன்னும் பதினொரு ஹாஸ்டல் இருக்கு எங்க லிஸ்ட்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா லிங்க் அனுப்புது. புதன்கிழமை ஆபீஸுக்கு வா. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன்." பேனாவைப் பையில் செருகினார். "கோட் வேணாம், சாதாரண டிரஸ்ல வா."

அவர் ஜீப் முனை திரும்பியது. அப்புறம் மாடியிலிருந்து யாரோ ஒரு பக்கெட்டைத் தட்டினாள். ஒன்று பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று. நைட் ஷிஃப்ட்காரிகள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பூஜா விசிலடித்தாள், அவளுக்கு விசிலடிக்க வரும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. கிரேசி மாரிசெல்வியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, அந்தோணியார் கைவிடவில்லை என்றாள். வேல்விழி, தான் வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டதுதான் பலித்தது என்றாள். மாரிசெல்வி இருவருக்கும் தலையாட்டினாள். ஃபிரடி அன்றைக்கு அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை மாரிசெல்வி ஆபீஸுக்குப் போன சுடிதார் நான் தைத்தது. அளவு எடுக்கும்போது வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லை. எனக்கும் இப்போது ஒரு முகவரி இருக்கிறது: தொடர்பு/41. என் போனில் திறக்கிற ஒரே பக்கம் அதுதான். என்னைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பின்னால் திருத்து சேர்த்தால் அதுவும் திறக்கிறது. நம்பரைச் சரிபார்த்துவிட்டு, எதையும் தொடாமல் மூடிவிட்டேன்.

போன் இப்போது மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, சத்தத்தை முழுசாக வைத்து. போன வாரம் ஒரு மத்தியானம் அடித்தது. நர்ஸ். பூஜாவின் விரலில் வயர் முனை குத்திவிட்டது, சின்னக் காயம்தான், கட்டுப் போட்டாயிற்று, அழைத்துப்போக ஒருவர் வர வேண்டும். தெருவில் வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால், முறைப்படி, என்னிடம் சொன்னார்கள். மெஷினை நிறுத்தினேன். ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போகிற வழியிலேயே, என் நோட்டில் எழுதியிருந்த விளாத்திகுளத்து நம்பருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் எதுத்த வூடு ஜூலி பேசுறேன். ஒண்ணுமில்ல, விரல்ல ஒரு கீறல். நான் போய் இட்டாந்துர்றேன். நீங்க பஸ் ஏறாதீங்க."